இறந்தவன் வைத்த இறால் குழம்பு

ஜெயராணி செய்த குற்றம் ரொம்பச் சின்னது. ஒரு நாவலைப் படித்தாள். படித்ததோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பாள். பாவி மகள், படித்துவிட்டுச் சிரித்தாள். அதுவும் கலியமூர்த்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சிரித்தாள்.

கலியமூர்த்தி என்பவர் 'கடின நாவல் அணுகுநெறிப் பேரவை'யின் செயலாளர். பேரவை என்றால் ஏதோ நாலு பேர் கூடி டீ குடிக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சிதம்பரத்தில் மூன்று மாடிக் கட்டடம், கடலூர் முதுநகரில் ஒரு படிப்பகம், லெட்டர்பேடு, சீல், வருஷா வருஷம் டெல்லியிலிருந்து மானியம், எல்லாம் உண்டு. இத்தனையும் ஒரே ஒரு நாவலுக்காக.

'கழிமுகத்தில் ஒரு புதன்கிழமை' என்பது நாவலின் பெயர். பிச்சாவரம் பக்கத்துப் படகுக்காரன் ஒருவன் புதன்கிழமை விடிகாலையில் துடுப்பைப் போட ஆரம்பித்து அன்று சாயங்காலம் செத்துப்போகிறான். முந்நூற்று நாலு பக்கம். எழுதிய புண்ணியவானுக்கு முற்றுப்புள்ளி வைக்க மனசே வரவில்லை. வாக்கியங்கள் கழிமுகத்துத் தண்ணீர் மாதிரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். வெளிவந்து முப்பது வருஷமாக யாருக்கும் புரியாத நாவல் என்று பெயரெடுத்தது. புரியாததைப் புரியவைக்க ஒரு பேரவை தேவைப்பட்டது. பேரவைக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். முனைவர் ராமாமிர்தம் தயாராக இருந்தார். 2004இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

நாவலை நெருங்க ஐந்து நிலைகள் வைத்தார்கள். முதலில் அட்டை நிலை. அப்புறம் முன்னுரை நிலை, அது முடிந்தால் முன்னுரைக்கு எழுதிய முன்னுரை நிலை. அதற்குப் பிறகு மௌன நிலை என்று ஒன்று. கடைசியில்தான் நூல் நிலை. ஐந்து வருஷத்தில் நூல் நிலைக்கு யாரும் வந்து சேரவில்லை என்பதைப் பேரவை தன் ஆண்டறிக்கையில் பெருமையாகவே போட்டிருந்தது. அச்சகம் மூடியபோது மொத்தமாக வாங்கிய இருநூறு பிரதிகளும் சிதம்பரத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன.

முதுநகர் படிப்பகத்தில் ஜெயராணி நாலு வருஷமாகத் தினக்கூலி. கூட்டுவாள், பதிவேடு எழுதுவாள், கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங் செய்வாள். புருஷன் பழனிவேல் சுனாமிக்கு முன்னால் விசைப்படகு மெக்கானிக். அதற்கப்புறம் துறைமுகம் பக்கம் போனாலே அவனுக்கு மூச்சடைக்கும். வேறு வேலைக்குப் போனாலும் ஒரு வாரம் நிற்பதில்லை. மகள் நர்சிங் முதல் வருஷம். அடுப்பு எரிவது ஜெயராணி கையில்தான் இருந்தது. அவளை நிரந்தரமாக்கும் ஃபைல் ராமாமிர்தத்தின் மேசையில் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கையெழுத்தை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் காலையில் எழுந்திருப்பாள்.

அந்த நேரத்தில்தான் காலமான தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு சாக்கு நிறையப் புத்தகம் தானமாக வந்தது. தூசி தட்டும்போது இந்த நாவலும் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் இருக்க வேண்டியது சாக்குக்குள் இருக்கிறதே என்று முதல் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் ரெண்டாவது பக்கத்தைப் பார்த்தாள். அவள் பிறந்த ஊர் அதே கழிமுகத்து எம்.ஜி.ஆர் திட்டு பக்கம். அவள் அப்பா பேசினாலும் இப்படித்தான், நடுவில் மூச்சு விடமாட்டார். ஜெயராணிக்கு அதில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. கஷ்டம் தெரிய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை.

"இன்னாம்மா சிரிப்பு?" என்றார் உள்ளே வந்த கலியமூர்த்தி.

"ஒண்ணும் இல்லீங்க சார். இந்தாளு பொண்டாட்டி கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. இவுரு படகுலயே அடுப்பு மூட்டி எறா கொழம்பு வெச்சிட்டு, நடுக்கழியில குந்திக்கினு, 'ஏய், உப்பு பாருடி'ன்னு அவளக் கூப்புடுறாருங்க. அதான்..."

கலியமூர்த்தி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தினி பக்கம் படிச்ச?"

"முடிச்சிட்டேங்க. இது ரெண்டாவது தபா."

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயாவது சொன்னியா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் ஜெயராணிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. 'மேற்படி தினக்கூலிப் பணியாளர், எவ்வித வழிகாட்டலும் இன்றி, கடின நூலொன்றைத் தன்னிச்சையாகப் படித்து, அதனைப் புரிந்துகொண்டதோடு அமையாது, அதில் இன்பமும் அடைந்ததாக அறியப்படுகிறது. சம்பந்தப்பட்ட நூலுடன் சிதம்பரம் தலைமையகத்தில் விசாரணைக்கு ஆஜராகவும்.'

பழனிவேல் அதை மூன்று முறை படித்தான். "கையாடல் கேசுக்குக்கூட இப்புடி எழுதமாட்டாங்கடி. எதுக்கு உனக்கு இந்த வேல? படிச்சதுதான் படிச்ச, மூஞ்சிய உம்முன்னு வெச்சிக்கக் கூடாது?"

"சிரிப்பு வந்துடுச்சி மாமா."

"போயி கால்ல வுழுந்துடு. புரியலன்னு சொல்லிடு. வேல போச்சின்னா மூணு பேரும் இன்னா பண்றது, சொல்லு?"

புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஆலப்பாக்கம், பி.முட்லூர் என்று நின்று நின்று போயிற்று. மடியிலிருந்த பை கனத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கே, "நான் ஒண்ணும் தெரிஞ்சி பண்ணலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

பேரவையின் கீழ்த்தளத்தில் முப்பது நாற்பது பேர் வரிசையாகப் பாயில் உட்கார்ந்து கையிலிருந்த தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஒருத்தர் முகத்திலும் களை இல்லை. பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"புதுசாம்மா? பயப்படாதீங்க. மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் கலக்கமா இருக்கும். எனக்கு இது நாலாவது வருஷம்."

"புக்கு எப்புடிங்க இருக்கு?" என்றாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"புக்கா? அத இன்னும் கண்ணுல காட்டலம்மா. அட்டையோட கலர் ஜெராக்ஸ் குடுத்திருக்காங்க." அவர் தாளைக் காட்டினார். படகு படம். மூலையில் நாலு வருஷத்துக் கட்டைவிரல் அழுக்கு. "அவசரப்பட்டா ஆபத்தாம். போன வருஷம் ஒருத்தர் கள்ளத்தனமா மொத பக்கத்தப் பாத்துட்டாரு. அப்பறம் அவர யாருமே பாக்கல."

"செத்துட்டாருங்களா?"

"தெரியல. வர்றதில்ல."

அந்த முதல் பக்கத்து ஆள் புரிந்துகொண்டு வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ஜெயராணிக்குத் தோன்றவில்லை. அவள் பையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

முதல் மாடியில் எழிலரசி என்று ஓர் ஆய்வாளர். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஜெயராணியை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பேரவை வெளியிட்ட ஆறாவது வழிகாட்டி நூலை எடுத்து, "'படகு என்பது படகின் இன்மையே, துடுப்போ அந்த இன்மையின் ஈரம்.' இதக் கேட்டா உங்களுக்கு என்ன ஆகுது?" என்றார்.

"ஒண்ணுமே புரியலீங்க மேடம்."

எழிலரசி முகம் மலர்ந்துவிட்டது. தாளில் டிக் அடித்தார். "நல்ல அறிகுறி. காப்பாத்திடலாம்னு நெனைக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையில் ஜெயராணிக்கு உயிர் வந்தது. கால்ல விழுந்துவிடு, புரியலன்னு சொல்லிடு என்று பழனிவேல் சொன்னதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டாவது மாடி ஏறினாள்.

அங்கே நீளமான மேசை. நடுவில் தலைவர் ராமாமிர்தம், தோளில் பட்டுச் சால்வை. இந்தப் பக்கம் கலியமூர்த்தி. அந்தப் பக்கம் எழிலரசி வந்து உட்கார்ந்தார். ஜெயராணியின் ஃபைலும் மேசைமேல் இருந்தது. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார். எதிரில் இருந்தது ஒரே ஒரு பெண்பிள்ளைதான் என்றாலும் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவையோரே! நாவல் என்பது ஒரு கோபுரம். கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிடுவதே மரபு. நானே ஒரு சான்று. இந்த நாவலைப் பற்றி எழுபத்திரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஏன்? நெருங்கிவிட்டால் எப்படி அணுகுவது? அணுகுதலுக்குத் தூரம் வேண்டாமா? இந்த அம்மையாரோ தடாலென்று உள்ளே புகுந்திருக்கிறார். மீனவர் குடியில் பிறந்தவர், அறியாமல் செய்துவிட்டார் என்று மன்னிக்கலாம். ஆனால் சிரித்திருக்கிறார்! எங்கள் பேரவையில் ஐந்து ஆண்டுகளில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதுண்டா?"

"இல்லை" என்றார் கலியமூர்த்தி.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இந்த நாவலின் உயிர்நிலை எது என்று உலகமே அறியும். கதைநாயகன் இறந்துபோகிறான். இறந்த பிறகு இறால் குழம்பு வைக்கிறான். மரணத்துக்குப் பின்னான சமையல்! அடுத்த மாதம் அதைப் பற்றி அனைத்துலகக் கருத்தரங்கம். இதைப் படித்தபோது உங்களுக்கு ஏற்பட்ட திகைப்பைச் சொல்லுங்கள். திகைப்பு இருந்தால் விட்டுவிடுகிறோம்."

'திகைச்சிட்டேங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். சத்தியமாக அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பயத்தில் நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

"செத்த பொறவு எங்கீங்க சார் சமைக்கிறாரு? சமைச்சி, துன்னுட்டு, அப்பறம் ஆறு நாழி கழிச்சித்தான செத்துப்போறாரு?"

ராமாமிர்தம் கலியமூர்த்தியைப் பார்த்தார், கலியமூர்த்தி எழிலரசியைப் பார்த்தார்.

"தோ பாருங்க சார்." அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "எரநூத்தி அறுவத்தி நாலுல கொழம்பு. எரநூத்தி எண்பத்தி ஒண்ணுல சாவு."

எழிலரசி ஓடிப்போய்க் கண்ணாடி அலமாரியிலிருந்து பேரவைப் பிரதி ஒன்றை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். பேரவைப் பிரதியில் 256ஆம் பக்கத்துக்கு அடுத்து 273. அங்கிருந்து 288 வரை போய், அதற்கப்புறம் 257. பைண்டிங் செய்கிற கை ஆயிற்றே, ஜெயராணிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பார்கள். அந்த மடிப்புக்குப் பாரம் என்று பேர். தைக்கிறவன் கைமறதியாக இரண்டு பாரங்களை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டான். இருநூறு பிரதியும் அந்தக் கோணல் கட்டுதான்.

"பக்க எண் தாண்டுதேன்னு உங்களுக்குத் தோணலீங்களா மேடம்?" என்று கேட்டாள், ரொம்ப மரியாதையாக.

"எண் என்பதே ஒரு அதிகாரம், ஆசிரியர் அதை மீறுறாருன்னு மூணாவது இயல்ல எழுதியிருக்கேன். அஞ்சு வருஷம் சார்! என் ஆய்வேடே அந்தக் கொழம்பு மேலதான் சார் நிக்குது!" என்று சொல்லிவிட்டு எழிலரசி அழ ஆரம்பித்துவிட்டார்.

கலியமூர்த்தி எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டார். மைக்கை அணைத்தார். ஜெயராணிக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். மூன்று படித்த மனிதர்கள் அவளைச் சுற்றி இருந்தார்கள். இதிலே வேடிக்கை என்னவென்றால், அவர்களும் அவளைப் பார்த்துத்தான் பயந்துபோயிருந்தார்கள். அவளுக்கு அது தெரியவில்லை.

ராமாமிர்தம் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மைக் இல்லாதபோது அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது.

"உக்காரும்மா. ஒரு விஷயம் சொல்றேன், கேளு. புரிஞ்சவன் எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். புரியாதவன்தான் திரும்பத் திரும்ப வருவான். இந்த மூணு மாடியும் அவன நம்பித்தான் நிக்குது. கீழ பாய்ல உக்காந்திருக்காங்களே, அவுங்ககிட்டப் போயி, 'பைண்டிங் தப்பு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லட்டுமா? நாலு வருஷம் ஜெராக்ஸப் பாத்த மனுஷன் என்னா ஆவான்? அதையும் யோசிக்கணுமில்ல?"

"ஆமாங்க சார்."

"இருநூறு பிரதி ஒரு மாதிரி இருக்கு. ஒரு பிரதி வேற மாதிரி இருக்கு. ஜனநாயக நாடு. எது தப்பு?"

ஜெயராணி இரண்டு புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் பிரதிதான் தப்பு" என்றார் கலியமூர்த்தி, எடுத்துக்கொடுக்கிற மாதிரி. "பைண்டிங் தெரியுமில்ல? திருத்திடு."

ராமாமிர்தம் ஃபைலைத் திறந்தார். நிரந்தர நியமன ஆணை டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேனா மூடியைக் கழற்றி, முனையைக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் காத்திருந்தார்.

பிளேடும் ஊசியும் நூலும் பசையும் வந்தன. அவள் அட்டையைப் பிரித்தாள். முதுகிலிருந்த பழைய பசையைச் சுரண்டினாள். தலைமை ஆசிரியர் வீட்டுப் பிரதி நல்ல தையல், எவனோ பொறுமையாகப் போட்டது. நூலை அறுக்கும்போது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அந்தப் படகுக்காரன் 'உப்பு பாருடி' என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் காத்திருப்பான். அந்தப் பாரத்தை எடுத்து அவன் சாவுக்குப் பின்னால் வைத்தாள். செத்தவன் கூப்பிட ஆரம்பித்தான். அழுகை வந்தது. பசை ஈரத்தில் கண்ணீர் பட்டால் தாள் சுருங்கும் என்று முழங்கையால் துடைத்துக்கொண்டு தைத்து முடித்தாள்.

ராமாமிர்தம் கையெழுத்துப் போட்டார். "இத பூட்டி வெக்காதம்மா. முதுநகர்ல வெளி அலமாரியிலயே வை. எடுக்கறவன் எடுக்கட்டும். புரியாம போறவன இங்க அனுப்பு. ஆள் சேரட்டும்."

ஜெயராணி அவர் காலில் விழுந்தாள். பழனிவேல் சொல்லியிருந்தானே.

ஆணை வந்த இரண்டாவது மாசம் பொன்னுரங்கம் என்று ஒருவர் படிப்பகத்துக்கு வந்தார். முதுநகர் ஜங்ஷனில் முப்பத்தோரு வருஷம் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வெளி அலமாரியில் கையை விட்டவர் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு வாரம் படித்தார். நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொண்டார். அவர் சிரிக்கும்போதெல்லாம் ஜெயராணி பதிவேட்டுக்குள் தலையைக் குனிந்துகொள்வாள். 256ஆம் பக்கத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தினமும் தூரத்திலிருந்தே கணக்குப் போட்டாள். அந்த ஒரு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் அவர் புத்தகத்தோடு அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, நல்லாத்தான் போயிக்கினு இருந்துது. திடீர்னு ஆளு செத்துட்டான். செத்தவன் எழுந்து கொழம்பு வெக்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ஜெயராணி பதிவேட்டை மூடினாள்.

"நம்பரப் பாத்தேன். முன்ன பின்ன இருக்குது." அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். "ஆயுசு பூரா பொட்டி வரிசை பாத்த ஆளும்மா நானு. இந்தப் பொட்டியும் அந்தப் பொட்டியும் மாத்திக் கோத்திருக்குதுன்னு தோணுது. பைண்டிங்கு தப்பா இருக்குமோ?"

ஆமாங்க என்று சொன்னால் போதும். பதினாறு பக்கம் தள்ளிப் படிச்சிட்டு அப்பறம் திரும்பி வாங்க என்று ஒரு வாக்கியம். மனுஷன் இங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அந்தப் படகுக்காரனோடு சேர்ந்து சாப்பிட்டு, அப்புறம் அவனுக்காக அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்வார். அதில் ஒருத்தர் சிதம்பரத்தில் சொல்வார். நிரந்தரமானால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். பயமும் அவளோடு சேர்ந்து நிரந்தரமாகியிருந்தது.

"பைண்டிங் சரியாத்தாங்க இருக்குது" என்றாள். "நாந்தான் போட்டேன்."

"அப்பிடியா?" அவர் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினார். வேகமாகப் புரட்டினார். "அப்ப எனக்குத்தான்... ஏம்மா, எங்க அண்ணனுக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சிது. மொதல்ல நம்பரு மாறித் தெரியும்பாரு. அப்பறம் புள்ளைங்க பேரே மறந்துட்டாரு. ஒருவேள எனக்கும்..."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஜெயராணி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, பேரவையில் சேருகிற படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பயப்படாதீங்கய்யா" என்றாள். "எங்க கையெழுத்துப் போடணும்னு நான் காட்டுறேன்."